கோணல் அடுப்பு

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். யார் கேட்டாலும் ஆறு என்றுதான் சொல்வேன். வீடு வீடாகப் பதிவு எடுக்க வருகிற பெடியள், "இப்ப இருக்கிறது எத்தினை பேர் அம்மா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்கும் ஆறு என்பேன். மகள் எனக்குப் பின்னால் நின்று கையால் ஏதோ காட்டுவாள். அவர்கள் தங்கள் தாளில் எதை எழுதிக்கொண்டு போகிறார்களோ, அது அவர்கள் பாடு.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு மட்டும். பேத்தியின் பழைய கொப்பி ஒன்றில் பின்பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன, அதில்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்துவாள். சொன்னதை மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் குசினியைத் திருத்திய கதை இது. குசினி திருத்தாத வீடு இந்த ஊரில் இல்லை, அதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் குசினியில் ஒரு அடுப்பு இருந்தது. அதை உடைக்கச் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று ஒருவனுக்கு நான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

வீடு அரியாலையில். ஊரே வெளிக்கிட்டு ஓடிய காலத்தில் நாங்களும் ஓடி, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அரை வருசம் கிடந்தோம். திரும்பி வந்து பார்த்தால் குசினிக்குக் கூரை இல்லை. யன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. அடுப்பு இருந்த இடத்தில் இடுப்பளவு குழி. ஓடிய சனம் நகை நட்டை அடுப்படியில் மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்து யாரோ கிண்டிப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்றும் தாட்டு வைக்கவில்லை. தாட்டு வைக்க ஒன்றும் இருக்கவில்லை.

என் இரண்டாவது மகனுக்கு அப்போது இருபது வயது. தகப்பன் கூரைக்கு ஓலை தேடி அலைந்த நேரம் இவன், "அடுப்பு நான் போட்டுத் தாறனணை" என்று நின்றான். அவனுக்கு அடுப்புப் போடத் தெரியாது. எங்கேயோ போய்ப் புற்றுமண் கொண்டுவந்து, வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் மிதித்துக் குழைத்தான். குழியை மூடித் திண்ணை மாதிரிக் குந்து கட்டி, அதன்மேல் இரட்டை அடுப்புப் போட்டான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம், "அம்மாவுக்கு மாளிகை கட்டுறன்" என்று சொன்னான். மண் காய்ந்த பிறகுதான் தெரிந்தது, அடுப்பு கோணல். வாசலைப் பார்க்கவேண்டிய வாய் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் யன்னலால் வருகிற காற்று அடுப்பு வாய்க்குள் நேரே புகுந்து, புகை முழுவதையும் என் முகத்தில் கொண்டுவந்து கொட்டும்.

ஒரு வருசம் அப்படியே சமைத்தேன். பிறகு ஒரு நாள் காலை, புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது கண் எரிச்சல் தாங்காமல் வாயை விட்டேன்.

"உன்ரை கண்ணை எங்கை வைச்சுக்கொண்டு உந்த அடுப்பைப் போட்டனி? புகை முழுக்க என்ரை மூஞ்சையிலை."

அவன் குசினி வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். சிரித்தான்.

"பொறெணை. மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்து திருத்தித் தாறன். அதுவரைக்கும் அழுதுகொண்டிரணை."

"அப்பரைக் கொண்டு திருத்துவிக்கிறன். உனக்கு ஏலாது."

"ஒருத்தரும் கை வைக்கவேண்டாம். போட்டவன் நான், திருத்துறதும் நான். புட்டை மூடி வை. எனக்குச் சுடச்சுட வேணும்."

போத்தலைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு போனான். வரவில்லை. சைக்கிளும் வரவில்லை, போத்தலும் வரவில்லை. அங்கே கண்டோம், இங்கே கண்டோம் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். போகக்கூடிய இடமெல்லாம் படத்தைக் கொண்டு போனேன். நிற்கச் சொன்ன வரிசையிலெல்லாம் நின்றேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அதை என்னைப் போன்ற தாய்மார் வேண்டிய அளவு சொல்லிவிட்டார்கள். எல்லோருடையதும் ஒரே கதைதான்.

நான் சொல்ல வந்தது நெருப்பை. சுடச்சுட வேணும் என்றவன் வருவான் என்று அன்றிரவு நான் அடுப்பை நூர்க்கவில்லை, அணைய விடவில்லை. சாம்பலுக்குள் தணலை மூடி வைத்தேன். அடுத்த நாளும் நூர்க்கவில்லை. மூன்றாம் நாள் அயலில் ஒரு கிழவி வந்து, "ஒரு வாய் சாப்பிடு பிள்ளை" என்று மூடின கோப்பையை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில்தான் அடுப்பு மூட்டமாட்டோம். எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடியும்வரை அயலட்டைதான் சமைத்து, மூடிக் கொண்டுவந்து தரும். நான் அந்தக் கோப்பையை வாங்கவில்லை. "என்ரை வீட்டிலை அடுப்பு எரியுது" என்று சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு முடிவு வந்தது. அடுப்பு எரிகிற வீடு செத்தவீடு இல்லை. அவன் வருமட்டும் அந்த அடுப்பை நூர விடமாட்டேன். வேறு ஒருவரையும் அதைத் திருத்தவும் விடமாட்டேன்.

இருபத்தெட்டு வருசம் அப்படித்தான். கிழங்கு எடுத்தபின் மிஞ்சுகிற பனங்கொட்டையை நாங்கள் ஊமல் என்போம். அதை எரித்துச் சாம்பலால் மூடிவிட்டால் தணல் விடியும்வரை உள்ளே இருக்கும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கடைசி மகள் காத்தாள். என் புருசன் போனபோது எட்டு நாளும் நாங்கள் சமைக்கவில்லை, அயலட்டைதான் சாப்பாடு தந்தது. ஆனால் சாம்பலுக்குள் ஊமல் இருந்தது. புருசன் செத்தும் அடுப்பை நூர்க்காதவள் என்று பின்னால் கதைத்தார்கள். கதைக்கட்டும். செத்தவருக்குச் செய்யவேண்டியதை அவருக்கு ஒன்றும் குறையாமல் கீரிமலையில் செய்தோம். மற்றவன் சாகவில்லை.

சண்டை திரும்பவும் அரியாலைக்குக் கிட்ட வந்த காலத்தில் உரும்பிராய்க்கு ஓடினோம். அங்கே என் புருசனின் தங்கை இருந்தாள், என் மச்சாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் ஒரு பால்மாப் பேணிக்குள் சாம்பலும் தணலுமாக எடுத்துக்கொண்டு போனேன். வாசல் படலையில் நின்று பார்த்துவிட்டு அவள், "ஊர்ச் சனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுது. நீ நெருப்பைத் தூக்கிக்கொண்டு வாறாய்" என்றாள். அதற்கு நான் கோபிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கிணற்றடியில் வைத்து வேறொன்று சொன்னாள்.

"மச்சாள், கீரிமலைக்குப் போய்ப் பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்வம். அவன் தண்ணிக்கு அலையிறானோ ஆருக்குத் தெரியும்."

நான் தோய்ந்துகொண்டிருந்த ஈரச் சீலையோடு உள்ளே போய்ப் பேணியை எடுத்தேன். அன்று பின்னேரமே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டேன். அதன் பிறகு கலியாணம், சாமத்தியவீடு என்று கண்டால் "சுகமோ" என்று கேட்போம். அவ்வளவுதான்.

இப்போது நான் கடைசி மகளோடு இருக்கிறேன். அவள் ஒரு பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். மருமகனுக்கு வன்னியில் வேலை, மாதத்தில் இரண்டு தரம் வருவார். ஒரு பேத்தி. போன வருசம் எனக்கு இருமல் விடவில்லை. கிளினிக்கில் டொக்டர் பிள்ளை நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "விறகடுப்போ அம்மா?" என்று கேட்டது. ஓம் என்றேன். "உள்ளுக்கை ஒரு புகைக்கூட்டை வைச்சிருக்கிறியள்" என்றது. வீட்டுக்கு வந்ததும் மகள் தொடங்கினாள்.

"அம்மா, குசினியைத் திருத்துவம்."

"குசினிக்கு என்ன?"

"சுவரைத் தொட்டால் கை கறுக்குது. கூரையிலை இருந்து புகையொட்டறை சொதிக்குள்ளை விழுகுது. நான் நிலத்திலை குந்தியிருந்து சட்டி கழுவி இடுப்பு முறியுது. இன்னும் என்ன வேணும்?"

வெளிநாட்டில் இருக்கிற மூத்தவன் முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று போனில் சொன்னான். வேண்டாம் என்றேன். என் குசினியை இருக்கிற காசில் திருத்த எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போட்டு மிஞ்சிய ரைல்ஸ் நீலத்தில் கொஞ்சம், வெள்ளையில் கொஞ்சம் கிடந்தது, தந்தார்கள். ரவுனில் இடிக்கிற ஒரு வீட்டிலிருந்து கை கழுவுகிற சிங்க் ஒன்று வந்தது, ஓரத்தில் சின்ன உடைவு. கூரை ஓடு பழசுதான், உக்கிய மரச் சிலாகை மட்டும் மாற்றுவது. சுவருக்கு நாங்களே பெயின்ற் அடிப்பது. ஒரு மூலையில் காஸ் அடுப்பு. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். ஒரு சொல் மட்டும் சொன்னேன்.

"அந்த அடுப்பிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும் அம்மா" என்றாள். அண்ணன் போன அன்று அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூடி வைத்த புட்டை அடுத்த நாள் கோழிக்குப் போட்டது அவள்தான்.

மேசன் குருநகர் ஆள். ஐம்பது வயது இருக்கும். தகப்பன் கடலுக்குப் போனவர், இவர் சாந்தகப்பை எடுத்தவர். கழுத்தில் சிலுவை. வாய் ஓயாது. முதல் நாள் குசினிக்குள் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"ஆச்சி, உதை ஆர் போட்டது? கரைக்கு வரவேண்டிய வள்ளம் கடலைப் பாத்து நிக்கிற மாதிரியெல்லோ நிக்குது."

"போட்டவன் வந்து திருத்துவான். நீர் உம்மடை வேலையைப் பாரும்."

"எப்ப வருவார்? அவர் வந்தால் ரெண்டு பேருமாச் சேந்து..."

மகள் வெளியே கூப்பிட்டாள், மேசன் போனார். என்ன சொன்னாளோ, திரும்பி வந்தவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அன்று முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை. எனக்கு அது இன்னும் கோபமாக இருந்தது. என் வீட்டில் யாரும் வாயைப் பொத்திக்கொண்டு வேலை செய்யத் தேவையில்லை.

வேலை தொடங்கினால் குசினியில் சமைக்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை. ஓடுகளைக் கழற்றி, சுவரைக் கொத்தி, தூசியும் கல்லும் விழுகிற இடத்தில் எப்படி நெருப்பு இருக்கும்? ஒரு பெரிய மண்சட்டியில் சாம்பலைப் பரப்பி, தணலை அடுப்பிலிருந்து அதற்குள் மாற்றி, ஊமல் போட்டு மூடி, முற்றத்தில் வைத்தேன். குசினிச் சாமான் எல்லாம் முற்றத்துக்கு வந்தது. மேசன் வெயிலுக்கு ஒரு தறப்பாளை மாமரத்திலும் இரண்டு கம்பிலும் இழுத்துக் கட்டினார். அது எட்டாத இடத்துக்கு என் புருசனின் பழைய வேட்டி ஒன்றைச் சேர்த்துக் கட்டினார். இருக்க இடம் இல்லையென்று பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்ரிக் கதிரை ஆறு வந்தது. உரலையும் உலக்கையையும் பின்னாலிருந்து தூக்கி, முற்றத்து நடுவில், தறப்பாளுக்குக் கீழே வைத்தார்கள். அங்கேதான் நிழல்.

நாலாம் நாள் வியாழக்கிழமை. அன்றிரவு மழை பெய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. விடியப்புறம் எழும்பிப் போய்ப் பார்த்தேன். தறப்பாளில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து ஊற்றியிருந்தது. ஊற்றின இடம் என் சட்டி. சாம்பல் கூழாகிக் கிடந்தது. கையை உள்ளே விட்டு ஒவ்வொரு ஊமலாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் குளிர்ந்து கிடந்தது. மீன் போல.

நெருப்பு நூந்துபோய்விட்டது என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சட்டியை மூடினேன். கையைக் கழுவினேன். ஒரு கதிரையில் இருந்தேன்.

மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள், பக்கத்து வீட்டில் ஊற்றியது. வேண்டாம் என்றேன். "தலையிடியோ அம்மா?" ஓம் என்றேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நின்றாள். எங்களுக்குச் சமைக்க இடமில்லையென்று அயலட்டைக்காரர் முறை வைத்துச் சாப்பாடு தந்துகொண்டிருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. முன்வீட்டுக்காரி பருப்பும் முருங்கையிலை வறையும், மற்ற வீட்டுக்காரி சோறும் சொதியும் வாழையிலையால் மூடிக்கொண்டு வந்து வைத்தார்கள். வந்தவர்கள் கதிரைகளில் இருந்து மெதுவாகக் கதைத்தார்கள், எனக்குத் தலையிடி என்று மகள் சொல்லியிருந்ததால். முன்வீட்டுக்காரி சும்மா இராமல் எங்கள் உரலில் தன் வீட்டு மாவுக்கு அரிசி இடிக்கத் தொடங்கினாள். உலக்கை விழுகிற சத்தம் வெளியே ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும்.

அந்த நேரம்தான் படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் உரும்பிராய் மச்சாள்.

அவள் ஏன் வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவளுடைய வீட்டில் கண்ணாடி போட்ட குசினி அலுமாரி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்போம் என்று என் மகள் எனக்குத் தெரியாமல் அன்று விடிய இரண்டு தரம் போன் எடுத்திருக்கிறாள். மச்சாளுக்குக் காது மந்தம், போன் அடித்தது தெரியவில்லை. பிறகு பார்த்தால் அரியாலை நம்பர் இரண்டு தரம். எங்கள் வீட்டிலிருந்து அவளுக்கு ஒருவரும் போன் எடுப்பதில்லை. திருப்பி எடுத்துக் கேட்கப் பயந்து, கிடைத்த ஓட்டோவில் ஏறியிருக்கிறாள்.

படலையில் நின்று அவள் என்னத்தைக் கண்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். முற்றத்தில் தறப்பாள், அதோடு வெள்ளை வேட்டி. வரிசையாகக் கதிரை. மெதுவாகக் கதைக்கிற பெண்டுகள். மூடி வைத்த சாப்பாடு. அடுப்பில் புகை இல்லை. முற்றத்து நடுவில் உரல், அதில் உலக்கை விழுகிறது. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முற்றத்தில்தான் உரலை வைத்துச் சுண்ணம் இடிப்போம். வேறெதற்கும் உரல் அந்த இடத்துக்கு வராது. நடுவில் நான், தலை வாரி இழுக்காமல், வாய் திறக்காமல்.

அவள் செருப்பைப் படலையிலேயே விட்டாள். கொண்டையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். என் காலடியில் விழுந்து, என் கழுத்தைக் கட்டிப்பிடித்து ஒப்புச் சொல்லத் தொடங்கினாள்.

"என்ரை ராசா, கொம்மா புட்டை மூடி வைச்சுக்கொண்டு பாத்திருந்தாளே. மாமிக்கும் ஒரு அடுப்புப் போட்டுத் தாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனியே. உன்னை எந்த மண்ணுக்குள்ளை வைச்சாங்கள் என்ரை குஞ்சு..."

உலக்கை நின்றது. அவள் என் காதுக்குள், "எங்கை கிண்டி எடுத்தவை மச்சாள்? என்னத்தைக் கண்டவை? உடுப்போ?" என்று கேட்டாள்.

மகள் ஓடி வந்தாள். "மாமி, ஒண்டும் இல்லை மாமி. எழும்புங்கோ. குசினி திருத்துறம். அலுமாரிக்குத்தான் நான் போன் எடுத்தனான்."

மச்சாளுக்கு ஒரு தரத்தில் கேட்கவில்லை. மகள் திரும்பச் சத்தமாகச் சொன்னாள். குசினி. அலுமாரி. மச்சாள் தலையைத் தூக்கித் தறப்பாளைப் பார்த்தாள். உரலைப் பார்த்தாள். வாசலில் சாந்தகப்பையோடு நிற்கிற மேசனைப் பார்த்தாள். கையால் தன் வாயில் அடித்தாள்.

"என்ரை வாய் அழுகிப் போகும். இருக்கிற பிள்ளைக்குச் செத்தவீடு செய்துபோட்டன். மச்சாள், என்னைச் செருப்பாலை அடி."

எழும்பப் பார்த்தாள். நான் அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்தேன்.

இதைத்தான் நான் ஒழுங்காக எழுதவேண்டும். அவளை நான் வெளியே போகச் சொல்வேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிணற்றடியில் ஒரு சொல் சொன்னதற்கு இத்தனை வருசம் கதைக்காதவள் நான். ஆனால் அவள் "மாமிக்கும் ஒரு அடுப்பு" என்றபோது எனக்குள் ஏதோ கழன்றது. அவன் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. என் பிள்ளை சொன்ன சொல் ஒன்று இத்தனை வருசம் அவளிடம் கிடந்திருக்கிறது. நான் அழவிடாதபடியால் அவள் அதை எனக்குத் தரவில்லை.

"இரு" என்றேன். "எழும்பாதை. விட்ட இடத்திலை இருந்து அழு."

"மச்சாள், அவன்..."

"எனக்குத் தெரியும். அழு."

அவள் அழுதாள். முதலில் பயந்து பயந்து, பிறகு முழுக்க. அவன் சின்ன வயதில் அவளுடைய மாட்டுக்குப் பேர் வைத்தது, அவளுடைய கிணற்றுக்குள் வாளியை விட்டது, ஒடியல் கூழுக்கு நண்டு போதாது என்று சண்டை பிடித்தது எல்லாம் சொல்லி அழுதாள். முன்வீட்டுக்காரி உலக்கையைச் சாத்திவிட்டு வந்து எங்களோடு கட்டிப்பிடித்தாள். அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். மகள் நிலத்தில் இருந்துவிட்டாள். மேசன் தொப்பியைக் கழற்றினார், சிலுவை போட்டார், சாந்து காய்ந்தது, காயட்டும் என்று நின்றார்.

நான் அழுதேன். புகை இல்லாமல் அழுதேன். இருபத்தெட்டு வருசமாக யார் கேட்டாலும் புகை என்றுதான் சொன்னேன்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். அவளுக்கு மட்டும் கேட்கச் சொல்வதென்றால் எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்லவேண்டும்.

"நெருப்பு நூந்துபோச்சு மச்சாள்."

"எப்ப?"

"விடியப்புறம். மழை."

அவள் கொஞ்ச நேரம் என் கையைத் தடவினாள். "மழைக்கு என்ன தெரியும்" என்றாள். கீரிமலையைப் பற்றிச் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அதனால்தான் அடுத்த சொல் எனக்கு வந்தது.

மேசன் கிட்ட வந்தார். "ஆச்சி, நான் அந்த மூலையை அப்பிடியே விட்டிட்டு மற்றதை முடிச்சுத் தாறன்."

"வேண்டாம். அடுப்பை உடையும்."

மகள் நிமிர்ந்தாள்.

"உடைச்சுப்போட்டு அதே இடத்திலை ஒண்டு வைச்சுத் தாரும். நேரா வையும். புகை போக ஒரு வழியும் விடும்."

முதல் கட்டியை நான்தான் பெயர்த்தேன். மேசன் உளியைத் தந்து சுத்தியலையும் தந்தார். மூன்றாம் அடியில் கழன்றது. வெளியே எல்லாம் கரி. உள்ளே மண் போட்ட நாளில் இருந்த நிறத்திலேயே இருந்தது. அவன் நறுக்கிப் போட்ட வைக்கோல் இன்னும் மஞ்சளாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றதை மேசன் உடைத்தார். மெதுவாக உடைத்தார், உடைக்கிற ஆள் மாதிரி இல்லை.

"மண்ணை எங்கை ஆச்சி கொட்டுறது?"

"கொட்டுறதில்லை. இடிச்சுக் குழைச்சு இதிலைதான் திரும்பப் போடுறது."

"நான் சீமெந்துக்காரன். மண் குழைக்கத் தெரியாது."

"நாங்கள் குழைப்பம். நீர் நூல் பிடியும்."

அடுத்த நாள் நானும் மச்சாளும் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணை மிதித்தோம். அவள் வீட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டாள். "ரெண்டு பேரும் விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்று மகள் கத்தினாள். "ஒருத்தியைத் தூக்கினால் போதும், மற்றவள் அவளைப் பிடிச்சிருப்பாள்" என்றாள் மச்சாள். மேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆச்சி, ரெண்டு வள்ளம் ஒரு நங்கூரத்திலை" என்றார். அவருடைய வாய் திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோசம்.

குசினி முடிந்தது. நீல ரைல்ஸ் சிங்குக்குப் பின்னால், வெள்ளை காஸ் அடுப்புக்குப் பின்னால். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிறம் பொருந்தவில்லை என்று பேத்தி சொல்கிறாள். மச்சாளின் கண்ணாடி அலுமாரி வாசலுக்குப் பக்கத்தில், ஒரு கதவு இழுத்துத்தான் பூட்டவேண்டும். மகள் நின்றுகொண்டு சட்டி கழுவுகிறாள். மற்ற மூலையில் மண் அடுப்பு, மேலே புகைபோக்கி. மேசன் நூல் பிடித்து, மட்டம் பார்த்து வைத்தது. வாய் வாசலைப் பார்க்கிறது.

பால் காய்ச்சுகிற அன்று மகள் நெருப்புப் பெட்டியை என்னிடம் தந்தாள். தீக்குச்சியால் நான் அந்த இடத்தில் நெருப்பு மூட்டி எத்தனை காலம். தென்னம்பாளை பற்றியது. பால் பொங்கியது. புகை நேரே மேலே போனது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் கண் எரியவில்லை.

திருத்துமட்டும் அழுதுகொண்டிரணை என்றுதான் அவன் சொல்லிவிட்டுப் போனான். அடுப்பு திருந்திவிட்டது. திருத்தியது அவன் இல்லை.

இப்போது இரவில் அடுப்பு நூர்ந்துவிடுகிறது. நான் விடுகிறேன். காலையில் மூட்டுகிறேன், சில நாள் மூட்டாமல் மகளுடைய காஸ் அடுப்பிலேயே தேத்தண்ணி குடிக்கிறேன். இருமல் குறைந்திருக்கிறது. கீரிமலைக்கு இன்னும் போகவில்லை. போவேனோ தெரியாது. போனால் மச்சாளோடு போவேன். பதிவு எடுக்கிற பெடியன் போன கிழமையும் வந்தான். ஆறு என்றுதான் சொன்னேன்.

அவன் வந்தால் முதலில் குசினிக்குத்தான் வருவான். தன் அடுப்பைத் தேடுவான். ஒருத்தரும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். கை வைத்தது நான். மண் அதே மண்தான் என்று அவனுக்குச் சொல்லவேண்டும். அப்போது நான் இருப்பேனோ என்னவோ. அதற்காகத்தான் இந்தக் கொப்பி.

கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன் என்று பேத்தியைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தாள்.

"மாமாவுக்குத் தானே வாசிக்கத் தெரியும், அம்மம்மா?"

"என்ரை எழுத்து அவனுக்கு விளங்காது. நீதான் வாசிச்சுக் காட்டவேணும். இப்ப ஒருக்கா எனக்கு வாசி, பிள்ளை. முதலிலை இருந்து வாசி. கெதியா ஓடாதை. பிழைச்ச இடத்திலை நான் நிப்பாட்டுவன்."